விண்மீனிடை மேகங்களில் ஆக்சிஜன் மூலக்கூறைத் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியல் படிக்கும் மாணவர்கள், ரேடியோ நிறமாலைத் தரவைக் கையாளத் தொடங்கியிருப்பவர்கள், செய்தியில் படித்துவிட்டு மேலும் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் ஆகியோரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். ‘ஆக்சிஜன்’ என்று மட்டும் எழுதியிருந்தால், இரண்டு அணுக்கள் இணைந்த மூலக்கூறு என்று கொள்ளவும். தனி அணுவை ‘ஆக்சிஜன் அணு’ என்றே குறிப்பிட்டிருக்கிறோம். ‘செறிவு’ என்பது ஹைட்ரஜன் மூலக்கூறு ஒன்றுக்கு எத்தனை ஆக்சிஜன் மூலக்கூறு என்ற விகிதம்.

அண்டத்தில் மூன்றாவது மிகுதியான தனிமம் ஆக்சிஜன்தானே? அதை ஏன் தேட வேண்டியிருக்கிறது?

தனிமமாக அது மிகுதிதான். ஹைட்ரஜன், ஹீலியத்துக்கு அடுத்த இடம் அதற்கு. சூரியனில் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்குச் சுமார் 4.9×10⁻⁴ ஆக்சிஜன் அணு என்பது ஏற்கப்பட்ட அளவு. ஆனால் இரண்டு அணுக்கள் சேர்ந்து மூலக்கூறாக இருப்பது வேறு கதை. கார்பன் மோனாக்சைடு ஏறத்தாழ எல்லாக் குளிர் மேகங்களிலும் பளிச்சென்று தெரிகிறது. தண்ணீரும் பல இடங்களில் கிடைத்துவிட்டது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனோ நம் பால்வீதியில் உறுதியாகப் பிடிபட்டது இரண்டே இடங்களில்.

எவ்வளவு எதிர்பார்த்தார்கள்?

வாயுவில் நடக்கும் வினைகளை மட்டும் கணக்கில் எடுத்த பழைய மாதிரிகள், முதிர்ந்த குளிர் மேகத்தில் லட்சத்தில் சில மூலக்கூறுகள் ஆக்சிஜனாக இருக்கும் என்றன. அந்தக் கணக்கு சரியாக இருந்திருந்தால், மேகத்தின் வெப்பத்தை வெளியேற்றும் முக்கிய வழிகளில் ஒன்றாகவே ஆக்சிஜன் இருந்திருக்கும். கிடைத்த அளவுகள் அதைவிட நூறு மடங்கும், சில இடங்களில் ஆயிரம் மடங்குக்கு மேலும் குறைவு. இவ்வளவு பெரிய இடைவெளியைக் கருவிப் பிழை என்று ஒதுக்க முடியாது. வேதியியலில் ஏதோ ஒரு பெரிய படி விடுபட்டிருந்தது.

மேகத்தில் ஆக்சிஜன் எப்படி உருவாகிறது, எப்படி அழிகிறது?

காஸ்மிக் கதிர் ஒன்று ஹைட்ரஜன் மூலக்கூறின் எலக்ட்ரானைத் தட்டிவிடுகிறது. அதிலிருந்து மூன்று ஹைட்ரஜன் கொண்ட அயனி பிறக்கிறது. அந்த அயனி ஆக்சிஜன் அணுவுக்குப் புரோட்டானைக் கொடுக்கிறது. பிறகு அடுத்தடுத்து ஹைட்ரஜன் சேர்ந்து ஹைட்ரோனியம் அயனி வரை போகிறது. ஹைட்ரோனியம் ஓர் எலக்ட்ரானைப் பிடித்ததும் உடைந்து, ஹைட்ராக்சில் அல்லது தண்ணீராகிறது. ஹைட்ராக்சில் இன்னோர் ஆக்சிஜன் அணுவைச் சந்தித்தால் ஆக்சிஜன் மூலக்கூறும் ஒரு ஹைட்ரஜன் அணுவும் கிடைக்கும். வாயுவில் ஆக்சிஜன் பிறக்கும் முக்கியப் படி இது.

அழிவுக்கு மூன்று வழிகள். தனிக் கார்பன் அணு ஆக்சிஜனைத் தாக்கி, கார்பன் மோனாக்சைடாக மாற்றிவிடும். ஹீலியம் அயனி உடைத்துப் போடும். புறஊதா ஒளி நேரடியாகப் பிளக்கும். இளம் மேகத்தில் கார்பன் இன்னும் தனி அணுவாகத் திரிவதால், அங்கே ஆக்சிஜன் தங்காது. கார்பன் முழுவதும் மோனாக்சைடுக்குள் அடங்கப் பல லட்சம் ஆண்டுகள் ஆகும். அந்தக் காத்திருப்புக்குள் ஆக்சிஜன் அணுக்களுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. அது கீழே வருகிறது.

இந்த மூலக்கூறு ஏன் இவ்வளவு மங்கலாக ஒளிர்கிறது?

இரண்டு அணுக்களும் ஒரே மாதிரி என்பதால் மின்னூட்டம் ஒரு பக்கம் சாயாது. மின் இருமுனை இல்லாத மூலக்கூறு சுழன்றாலும், கார்பன் மோனாக்சைடு போல ரேடியோ அலையை வாரி வீசாது. ஆனால் ஆக்சிஜனில் இணை சேராத இரண்டு எலக்ட்ரான்கள் இருப்பதால், அது ஒரு சிறு காந்தம். அந்தக் காந்த இருமுனை வழியாகப் பலவீனமான கோடுகள் வருகின்றன. 487 கிகாஹெர்ட்ஸ் கோட்டில் ஒரு மூலக்கூறு தானாக அலையை உமிழும் வீதம் நொடிக்குச் சுமார் 9×10⁻⁹. அதாவது, மோதல் எதுவும் குறுக்கிடாவிட்டால் கிளர்ந்த ஒரு மூலக்கூறு சராசரியாக மூன்றரை ஆண்டுக்கு மேல் காத்திருந்துதான் அந்த ஒளித்துகளை விடும்.

இந்த மந்தத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. உமிழ்வு இவ்வளவு மெதுவாக நடப்பதால், ஒரு கன சென்டிமீட்டரில் ஆயிரத்தைத் தாண்டி ஹைட்ரஜன் இருந்தாலே மோதல்கள் மட்டங்களைச் சமநிலைக்குக் கொண்டுவந்துவிடும். நாம் தேடும் மேகங்கள் அதைவிட மிக அடர்த்தியானவை. கோடு தடித்து நிரம்பிப்போகும் தொல்லையும் இல்லை. எனவே கோட்டின் வலிமையிலிருந்து மூலக்கூறு எண்ணிக்கையைக் கணக்கிடுவது மற்ற மூலக்கூறுகளைவிட இங்கே நேரடியானது. கோடு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

எந்தெந்த அதிர்வெண்களில் தேட வேண்டும்?

சாதாரண ஆக்சிஜனில் இரண்டு அணுக்கருக்களுக்கும் சுழற்சி பூஜ்யம். அதனால் ஒற்றைப்படைச் சுழல் மட்டங்கள் மட்டுமே அனுமதி. ஒவ்வொரு மட்டமும் எலக்ட்ரான் சுழற்சியால் மூன்றாகப் பிரியும். பயன்படும் கோடுகள் இவை (அடைப்பில் இருப்பது மேல் மட்டத்தின் ஆற்றல், வெப்பநிலை அலகில்): 118.750 (சுமார் 6 கெல்வின்), 487.249 (26 கெல்வின்), 773.840 (61 கெல்வின்), 1120.715 கிகாஹெர்ட்ஸ் (115 கெல்வின்). 368.498, 424.763 கிகாஹெர்ட்ஸ் கோடுகளும் உண்டு. அவை தொலைதூர விண்மீன் மண்டலங்களுக்குப் பயன்பட்டன.

குளிர்ந்த மேகம் என்றால் 119, 487 கோடுகள். 50 கெல்வினைத் தாண்டிய வாயுவை எதிர்பார்த்தால் 774 கட்டாயம் வேண்டும். 1121 கோடு கிடைத்தால் அங்கே வாயு உண்மையிலேயே சூடானது என்று எடுத்துக்கொள்ளலாம்.

தரையில் உள்ள பெரிய தொலைநோக்கிகளால் ஏன் முடியாது?

நம் வளிமண்டலத்தில் 21 சதவீதம் ஆக்சிஜன். மேகத்திலிருந்து வரும் அதே அதிர்வெண்ணை நம் தலைக்கு மேலுள்ள காற்றே விழுங்கிவிடும். சிலியில் 5000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஆல்மா என்ற ரேடியோ தொலைநோக்கி அணியின் வாங்கிகள் 487 கிகாஹெர்ட்ஸை எட்டும். ஆனாலும் அந்தக் குறிப்பிட்ட இடத்தில் வானம் மூடியிருக்கும், ஏனென்றால் நீராவியைப் போல ஆக்சிஜன் உயரம் போனால் வற்றிப்போவதில்லை.

மேகத்தின் வேகத்தால் கோடு நகர்ந்து தப்பிக்காதா என்று பலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நொடிக்கு 300 கிலோமீட்டர் வேகம் என்றாலும் 119 கிகாஹெர்ட்ஸில் நகர்வு 0.12 கிகாஹெர்ட்ஸ்தான். காற்றழுத்தத்தால் அகன்றுபோன வளிமண்டலக் கோட்டின் சிறகுகள் அதைவிட வெகுதூரம் நீள்கின்றன. நம் பால்வீதிக்குள் இந்த வழி உதவாது.

ஆக்சிஜன்-18 கலந்த மூலக்கூறைத் தேடினால் என்ன?

அது நல்ல மாற்று வழி. ஓர் அணு 16, இன்னொன்று 18 என்றால் சமச்சீர் உடைகிறது, இரட்டைப்படை மட்டங்களும் திறக்கின்றன. அதன் 233.946 கிகாஹெர்ட்ஸ் கோட்டுக்கு வளிமண்டலம் நன்றாக வழிவிடுகிறது. ஆல்மாவின் ஆறாம் பட்டையிலும் அது விழுகிறது.

விலை என்ன? நம் அக்கம்பக்கத்து விண்மீனிடை வாயுவில் ஆக்சிஜன்-16க்கும் 18க்கும் உள்ள விகிதம் சுமார் 560. மூலக்கூறில் 18 உட்கார இரண்டு இடங்கள் இருப்பதால், கலப்பு மூலக்கூறு 280க்கு ஒன்று. அதோடு நிற்கவில்லை. அனுமதிக்கப்பட்ட மட்டங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாவதால், மூலக்கூறுகள் அவற்றில் பரவி, ஒரு கோட்டுக்குக் கிடைக்கும் பங்கு பாதியாகக் குறைகிறது. இந்த இரண்டாவது காரணியை மறந்துவிட்டுக் கணக்குப் போடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

உதாரணத்துக்கு, கலப்பு மூலக்கூறுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 10¹⁴ என்று மேல் வரம்பு கிடைத்தால், சாதாரண ஆக்சிஜனுக்கு அது 2.8×10¹⁶. அதே திசையில் ஹைட்ரஜன் 10²³ இருந்தால் செறிவின் வரம்பு 2.8×10⁻⁷. விண்வெளியிலிருந்து கிடைத்த வரம்புகளோடு ஒப்பிட்டால் இது பெரும்பாலான இடங்களில் தளர்வானது.

இன்னொரு சிக்கல், 234 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் கரிமச் சேர்மங்களின் கோடுகள் நெருக்கமாக இருப்பது. விண்மீன் பிறக்கும் சூடான மையத்தைப் பார்த்தால், பலவீனமான ஆக்சிஜன் கோடு அவற்றில் ஏதாவது ஒன்றின் தோளில் ஒளிந்துகொள்ளும். 1993இல் எல்134என் என்ற குளிர் மேகத்தில் இந்தக் கோடு தெரிவதாக ஒரு தற்காலிக அறிவிப்பு வந்தது. பிந்தைய அவதானிப்புகள் அதை உறுதிப்படுத்தவில்லை.

தொலைதூர விண்மீன் மண்டலங்களில் தேடலாமே?

செம்பெயர்ச்சி, அதாவது அண்டம் விரிவதால் கோடு குறைந்த அதிர்வெண்ணுக்கு நகர்வது, போதுமான அளவு இருந்தால் கோடு வளிமண்டலத் தடையிலிருந்து வெளியே வந்துவிடும். பி0218+357 என்ற மூலத்தின் முன்னால் 0.685 செம்பெயர்ச்சியில் ஒரு விண்மீன் மண்டலம் இருக்கிறது. அங்கே 368 கோடு 219 கிகாஹெர்ட்ஸுக்கும் 425 கோடு 252க்கும் இறங்கிவிடும். 1990களில் அங்கே உட்கவர்தலைத் தேடி, மேல் வரம்பு மட்டுமே பெற்றார்கள்.

2020இல் மார்க்கேரியன் 231 என்ற குவேசார் மண்டலத்திலிருந்து 119 கோடு கிடைத்ததாக அறிவிப்பு வந்தது. ஸ்பெயினில் உள்ள ஐராமின் 30 மீட்டர் தட்டும், பிரான்சில் உள்ள நோயிமா அணியும் பயன்பட்டன. செம்பெயர்ச்சி 0.042 என்பதால் கோடு 114 கிகாஹெர்ட்ஸ் அருகே வந்தது. சொல்லப்பட்ட செறிவு பத்தாயிரத்தில் ஒன்று, நம் பால்வீதியில் கிடைத்த எதையும்விட மிக அதிகம். அது மையத்தில் இல்லாமல் சுமார் 10 கிலோபார்செக் (ஏறத்தாழ 33,000 ஒளியாண்டு) தள்ளி, வெளிநோக்கிப் பாயும் வாயு இருக்கும் பகுதியில் தெரிந்தது. மற்ற மண்டலங்களிலும் இதேபோல் கிடைக்கும்வரை இந்த எண்ணைப் பொது விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

எந்தச் செயற்கைக்கோள்கள் தேடின?

அமெரிக்காவின் ஸ்வாஸ் 1998 டிசம்பரில் ஏவப்பட்டது. 55×71 சென்டிமீட்டர் தட்டோடு 487 கோட்டைத் தேடியது. அதன் கற்றை, அதாவது ஒரு நேரத்தில் அது பார்க்கும் வானப் பகுதி, சுமார் 4 ஆர்க்நிமிடம் (டிகிரியில் அறுபதில் ஒன்று ஆர்க்நிமிடம், அதில் அறுபதில் ஒன்று ஆர்க்நொடி). பல மேகங்களில் செறிவு 10⁻⁷ அளவைத் தாண்டாது என்ற முதல் அதிர்ச்சி 2000ஆம் ஆண்டில் அதிலிருந்து வந்தது.

சுவீடன் தலைமையில் கனடா, பின்லாந்து, பிரான்ஸ் சேர்ந்து உருவாக்கிய ஓடின், 2001 பிப்ரவரியில் ஏவப்பட்டது. 1.1 மீட்டர் தட்டு, 119 கோடு, சுமார் 10 ஆர்க்நிமிடக் கற்றை.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஹெர்ஷல் 2009 மே 14 அன்று ஏவப்பட்டது. 3.5 மீட்டர் ஆடியும் ஹைஃபி என்ற நிறமாலைக் கருவியும் இருந்ததால் 487, 774, 1121 மூன்றையும் பார்க்க முடிந்தது. கற்றைகள் முறையே 44, 28, 19 ஆர்க்நொடி. குளிர்விக்கும் ஹீலியம் 2013 ஏப்ரலில் தீர்ந்தது.

கடைசியில் எங்கே கிடைத்தது?

முதலில் ரோ ஒஃபியூக்கி மேகத்தின் ஏ என்ற அடர்முடிச்சு. ஓடின் 2007இல் 119 கோட்டை அங்கே அறிவித்தது. 2012இல் ஹெர்ஷல் 487, 774 கோடுகளால் அதை உறுதிசெய்தது. செறிவு சுமார் 5×10⁻⁸, அதாவது இரண்டு கோடியில் ஒன்று.

இரண்டாவது ஓரியன். கிளர்ந்த ஹைட்ரஜன் பிரகாசிக்கும் ‘முகடு 1’ என்ற திசையில் மூன்று கோடுகளும் ஹெர்ஷலில் தெரிந்தன. 2011இல் வெளியான முடிவு இது: வேகம் நொடிக்கு 11 முதல் 12 கிலோமீட்டர், கோட்டின் அகலம் 3 கிலோமீட்டர், கற்றையில் சராசரியாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6.5×10¹⁶ மூலக்கூறு. செறிவு 0.3 முதல் 7.3×10⁻⁶ வரை. இந்த வீச்சு இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் ஆக்சிஜன் கோடு இல்லை. அதே வாயுவில் எவ்வளவு ஹைட்ரஜன் இருக்கிறது என்பதைச் சொல்வதுதான் கடினம்.

ஓரியனில் ஏன் கிடைத்தது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்கின்றன. ஒன்று, சுமார் 5 ஆர்க்நொடி அகலமுள்ள சூடான முடிச்சில் தூசியின் பனி ஆவியாகி, ஆக்சிஜன் வாயுவுக்குத் திரும்பியிருக்கலாம். மற்றொன்று, நொடிக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் வேகமுள்ள மென்மையான அதிர்ச்சி அலை அதைச் செய்திருக்கலாம்.

மற்ற இடங்களில் கிடைக்காததற்கு என்ன காரணம்?

தூசி. குளிர்ந்த மேகத்தில் 10 கெல்வின் அளவில் இருக்கும் தூசித் துகளில் ஆக்சிஜன் அணு மோதினால் ஒட்டிக்கொள்ளும். அதே பரப்பில் அலையும் ஹைட்ரஜன் அணுக்கள் அதைப் பிடித்து ஹைட்ராக்சிலாக்கி, பின்பு தண்ணீராக்கிவிடும். தண்ணீர்ப் பனி உறைந்த பிறகு 100 கெல்வின் வரை நகராது. வாயுவில் ஆக்சிஜன் மூலக்கூறு உருவாகப் பல லட்சம் ஆண்டுகள் தேவை என்று மேலே சொன்னோம். அதற்குள் மூலப்பொருளே பனிக்குள் போய்விடுகிறது. பழைய மாதிரிகளில் விடுபட்ட படி இதுதான்.

இது ஊகம் மட்டும் இல்லை. ரோ ஒஃபியூக்கி ஏ பகுதியில் ஹைட்ரஜன் பெராக்சைடு 2011இலும், ஹைட்ரோபெராக்சில் 2012இலும் சிலியில் உள்ள அபெக்ஸ் தொலைநோக்கியால் கிடைத்தன. ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்று தூசியின் மேல் ஹைட்ரஜனை ஒவ்வொன்றாக ஏற்றுத் தண்ணீராகும் பாதையில் இவை இரண்டும் இடைநிலைகள். ஆக்சிஜன் கிடைத்த அதே முடிச்சில் இவையும் கிடைத்தது, அந்தப் பாதை அங்கே நடப்பில் இருப்பதைக் காட்டுகிறது.

ஒட்டும் வலிமை பற்றியும் ஒரு திருத்தம் வந்தது. ஆக்சிஜன் அணு தூசியில் 800 கெல்வினுக்கு இணையான ஆற்றலோடு ஒட்டுகிறது என்று நீண்டகாலம் மாதிரிகளில் போட்டு வந்தார்கள். பின்னர் ஆய்வகத்தில் அளந்தபோது பனிப்பரப்பில் அது சுமார் 1660 கெல்வின் என்று வந்தது. இரண்டு மடங்கு இறுக்கமான பிடிப்பு என்றால், துகள் ஓரளவு வெதுவெதுப்பான இடத்திலும் அணு தப்பாது. பழைய எண்ணை இன்னும் வைத்திருக்கும் வேதியியல் கோப்புகள் புழக்கத்தில் உள்ளன. மாதிரி ஓட்டுவதற்கு முன் இந்த ஒரு வரியைத் திறந்து பாருங்கள்.

‘கிடைக்கவில்லை’ என்ற முடிவால் என்ன பயன்?

பெரும் பயன். என்ஜிசி 1333 பகுதியில் ஐராஸ் 4ஏ என்ற முகிழ்விண்மீனை (இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் விண்மீன்) ஹெர்ஷல் ஆழமாகப் பார்த்தது. 2013இல் வந்த முடிவின்படி செறிவு 6×10⁻⁹ஐத் தாண்டாது. அந்த வரம்பை மாதிரியோடு பொருத்தினால், விண்மீன் சுருங்கத் தொடங்குவதற்கு முன்பு அந்த வாயு பத்து லட்சம் ஆண்டுகளாவது குளிரில் கிடந்திருக்க வேண்டும் என்று வருகிறது. கோடு தெரியாததிலிருந்து ஒரு மேகத்தின் வயது கிடைத்திருக்கிறது. எந்த இரைச்சல் அளவில், எந்தக் கற்றையில், எந்த வெப்பநிலையைக் கருதி என்ற மூன்றையும் சொல்லும் மேல் வரம்பு ஓர் அளவீடுதான். ‘தெரியவில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டால் அதை யாரும் பயன்படுத்த முடியாது.

புதிதாகத் தேடுவதென்றால் எந்த மாதிரி இடத்தைத் தேர்ந்தெடுப்பது?

வெப்பநிலையில் ஒரு சாளரம் இருக்கிறது. தூசி 100 கெல்வினைத் தொட்டால் பனி ஆவியாகும், ஆக்சிஜன் வாயுவுக்கு வரும். ஆனால் வாயு 300 கெல்வினை நெருங்கினால் ஆக்சிஜன் அணுவும் ஹைட்ராக்சிலும் ஹைட்ரஜன் மூலக்கூறோடு நேரடியாக வினைபுரிந்து எல்லாமே தண்ணீராகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வாயு நிறைய இருக்கும் இடம் வேண்டும்.

இன்னொரு வகை இடம், புறஊதா ஒளி மிதமாகப் படும் மேக விளிம்பின் உட்புறம். கண்ணுக்குத் தெரியும் ஒளி 3 முதல் 8 மாக்னிட்யூடு (வானியலில் பிரகாசத்தின் அளவு) வரை மறைக்கப்படும் ஆழத்தில், பனியை ஒளி உதிர்த்துக்கொண்டே இருக்கும். மூலக்கூறு முழுதாக உடைந்துபோகும் அளவுக்கு அங்கே ஒளி இராது. ஆனால் ஓரியன் பட்டை என்ற பிரபலமான விளிம்பில் ஹெர்ஷல் தேடியும் கிடைக்கவில்லை என்பதையும் நினைவில் வைக்கவும்.

மிகக் குளிர்ந்த, மிக அடர்ந்த மையங்கள் ஹைட்ரஜன் அதிகம் என்பதால் கவர்ச்சியாகத் தெரியும். ஆக்சிஜனுக்கு அவை மோசமான தேர்வு.

எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்? ஒரு கணக்குக் காட்டுங்கள்.

487 கோட்டுக்கு ஹெர்ஷல் போன்ற ஒரு தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம். இரட்டைப் பக்கப்பட்டை வாங்கியின் (இரண்டு அதிர்வெண் பட்டைகளைச் சேர்த்தே பதியும் வாங்கி) இரைச்சல் 100 கெல்வின் என்று வைத்தால், ஒரு பட்டையில் விழும் கோட்டுக்கு அது 200. நொடிக்கு 0.5 கிலோமீட்டர் என்ற பகுதிறன் இந்த அதிர்வெண்ணில் 0.81 மெகாஹெர்ட்ஸ். பாதி நேரம் மூலத்திலும் பாதி நேரம் வெற்று வானத்திலும் செலவிட்டால், இரைச்சல் = 2 × 200 ÷ √(8.1×10⁵ × நொடிகள்). மொத்தம் 10 மணி நேரம், அதாவது 36,000 நொடி என்றால் 2.3 மில்லிகெல்வின் வரும். இரண்டு முனைவாக்கங்களையும் சராசரி எடுத்தால் 1.65.

3 கிலோமீட்டர் அகலமுள்ள கோட்டில் இப்படி ஆறு கட்டங்கள். பரப்பளவின் பிழை 1.65 × √6 × 0.5, அதாவது சுமார் 2 மில்லிகெல்வின்·கிலோமீட்டர்/நொடி. மூன்று மடங்கு பிழையை வரம்பாக எடுத்தால் 6. கற்றைத் திறன் முக்கால் என்றால் 8. மேல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு உள்ள எண்ணிக்கை = 1940 × (கிகாஹெர்ட்ஸில் அதிர்வெண்)² ÷ உமிழ்வு வீதம் × (கெல்வின்·கிலோமீட்டர்/நொடியில் பரப்பளவு). இதில் எண்களைப் போட்டால் சுமார் 4×10¹⁴. 30 கெல்வினில் எல்லா மட்டங்களுக்கும் சேர்த்து ஏழரை மடங்கு பெருக்க வேண்டும்: 3×10¹⁵. பின்னால் 10²³ ஹைட்ரஜன் இருந்தால் செறிவு வரம்பு 3×10⁻⁸.

பத்து மணி நேரத்தில் ரோ ஒஃபியூக்கி அளவு கோடு விளிம்பில்தான் தெரியும் என்று இது சொல்கிறது. வரம்பைப் பாதியாக்க நேரம் நான்கு மடங்காகும்.

தெரிந்த கோடு ஆக்சிஜன்தான் என்று எப்படி உறுதிசெய்வது?

மூன்று சோதனைகள் செய்கிறோம், இதே வரிசையில்.

முதலில் பக்கப்பட்டை. இரட்டைப் பக்கப்பட்டை வாங்கி இரண்டு வெவ்வேறு அதிர்வெண்களை ஒன்றின் மேல் ஒன்றாக மடித்துக் கொடுக்கும். எதிர்ப் பட்டையில் உள்ள வேறொரு மூலக்கூறின் கோடு, ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் வந்து உட்காரலாம். வாங்கி எந்த அதிர்வெண்ணைப் பார்க்கும் என்று தீர்மானிக்கும் லோக்கல் ஆஸிலேட்டரை 10 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தி மறுபடி பதிவுசெய்யுங்கள். உண்மையான கோடு வான அதிர்வெண்ணில் அசையாது. எதிர்ப் பட்டைக் கோடு 20 மெகாஹெர்ட்ஸ் நகரும், 487இல் அது நொடிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல். கோட்டின் அகலம் 3 என்றால் கண்ணாலேயே பிரித்துவிடலாம். ஒரே ஒரு நகர்வோடு நிறுத்தாமல், சமமில்லாத இடைவெளிகளில் பல அமைப்புகளில் எடுப்பது நல்லது. ஓரியன் போன்ற கோடு நெருக்கமான இடத்தில், ஒன்று விலகினால் இன்னொன்று வந்து சேரும்.

அடுத்து வேகம். அதே இடத்தில் மற்ற மூலக்கூறுகள் காட்டும் வேகத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஓரியனில் கிடைத்த 11–12 என்ற வேகம் அந்தப் பகுதியில் வழக்கமானது இல்லை. அந்த விசித்திரமே, எந்தச் சிறு முடிச்சிலிருந்து அது வருகிறது என்று அடையாளம் காட்ட உதவியது.

கடைசியாக, இரண்டாவது கோடு. 487 ஒன்று மட்டும் தெரிந்தால் அதைத் தற்காலிகம் என்றே எழுதுங்கள். 2002இல் ஸ்வாஸ் தரவில் ரோ ஒஃபியூக்கியில் ஒரு தற்காலிகக் கோடு அறிவிக்கப்பட்டு, பின்னர் ஓடின் பார்த்தபோது அந்த வடிவில் நிற்கவில்லை. அதே மேகத்தில் பிற்பாடு உண்மையான கோடு வேறு அளவில் கிடைத்தது என்பதால், தற்காலிக அறிவிப்பு சரியென்று ஆகிவிடாது.

பேஸ்லைனில் (கோடு இல்லாத இடத்தில் நிறமாலையின் அடிமட்டம்) அலை அலையாக வருகிறதே?

ஒளிப்பாதையில் முன்னும் பின்னும் எதிரொலித்து நிற்கும் அலைகள் அவை. ஹைஃபி தரவில் சுமார் 100 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் வரும். 487இல் அது நொடிக்கு 60 கிலோமீட்டருக்குச் சமம், கோட்டைவிட இருபது மடங்கு அகலம். ஆகவே கோடு இருக்கும் பகுதியை மறைத்துவிட்டு, மீதியில் சைன் அலையைப் பொருத்திக் கழித்தால் போதும்.

உயர்படிப் பல்லுறுப்புக் கோவையைப் போடும் ஆசைக்கு இடம்கொடுக்காதீர்கள். பலவீனமான கோட்டையே அது தின்றுவிடும். இரண்டு பள்ளங்களுக்கு நடுவே இல்லாத கோட்டை உருவாக்கியும் காட்டும். சோதிக்க ஒரு வழி: தெரிந்த அளவுள்ள செயற்கைக் கோட்டை மூலத் தரவில் சேர்த்து, முழு முறையையும் ஓட்டி, அதே அளவு திரும்பக் கிடைக்கிறதா என்று பாருங்கள். பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் பேஸ்லைன் முறையை மாற்றுங்கள்.

கற்றை நிரம்பாமல் இருந்தால் எண் எவ்வளவு மாறும்?

மிகவும் மாறும். ஓரியனையே எடுப்போம். 5 ஆர்க்நொடி முடிச்சை 44 ஆர்க்நொடிக் கற்றையால் பார்த்தால் நிரம்பும் பங்கு 25 ÷ (25 + 1936), அதாவது 78இல் ஒன்று. கற்றைச் சராசரி 6.5×10¹⁶ என்பது முடிச்சுக்குள் 5×10¹⁸ ஆகிறது. வெப்பநிலையும் மாறும். மூன்று கற்றைகளும் ஒரே அளவு நிரம்புகின்றன என்று கருதினால் 65 முதல் 120 கெல்வின் வருகிறது. சிறு முடிச்சு என்று கருதினால் 180 கெல்வினுக்கு மேல் தேவை. எனவே கோடுகளின் விகிதத்தை எழுதும்போது மூல அளவு பற்றிய அனுமானத்தையும் அதே வாக்கியத்தில் எழுதுங்கள்.

வீட்டிலிருந்தே இந்தத் தரவைப் பார்க்க முடியுமா?

முடியும். ஹெர்ஷலின் முழுக் காப்பகமும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கோட்டு அதிர்வெண்களை ஜேபிஎல் பட்டியலில் 32001 என்ற எண்ணின் கீழ் எடுக்கலாம். நிறமாலையைக் கையாள கில்தாஸ் தொகுப்பில் உள்ள கிளாஸ் நிரல் போதும். மோதல் வீதங்களோடு கணக்கிட ரேடெக்ஸ் இலவசமாகக் கிடைக்கிறது. கிடைமட்ட, செங்குத்து முனைவாக்கங்கள் வானத்தில் சற்றே வெவ்வேறு புள்ளிகளைப் பார்க்கின்றன. இரண்டையும் உடனே கூட்டிவிடாமல் முதலில் தனித்தனியாகப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் கோடு வலுத்திருந்தால், மூலம் சிறியது, கற்றையின் ஓரத்தில் இருக்கிறது என்பதற்கு அது தடயம்.

வால்நட்சத்திரத்தில் ஆக்சிஜன் கிடைத்ததே, அது இதோடு தொடர்புடையதா?

தொடர்பு இருக்கலாம் என்பதால்தான் அது இவ்வளவு பேசப்பட்டது. ரொசெட்டா விண்கலத்தின் ரோசினா கருவி 67பி வால்நட்சத்திரத்தில் தண்ணீரோடு ஒப்பிட 3.80 ± 0.85 சதவீதம் ஆக்சிஜன் இருப்பதை 2015இல் காட்டியது. ஹாலி வால்நட்சத்திரத்தின் பழைய தரவை மறுபடி ஆராய்ந்தபோதும் ஏறத்தாழ அதே விகிதம் வந்தது. தண்ணீரும் ஆக்சிஜனும் சேர்ந்தே வெளிவருவது, பனி உறையும்போதே ஆக்சிஜன் உள்ளே அடைபட்டிருந்ததைக் காட்டுகிறது. சற்று வெதுவெதுப்பான, அடர்ந்த மேகத்தில் ஹைட்ரஜன் அணுக்கள் குறைவாக இருந்தால் தூசிப் பரப்பில் ஆக்சிஜன் தங்கும். ரோ ஒஃபியூக்கி ஏ அப்படிப்பட்ட இடம். ஆனால் ஐராஸ் 16293 என்ற முகிழ்விண்மீனில் ஆல்மா கலப்பு மூலக்கூறைத் தேடியபோது கிடைக்கவில்லை. எல்லா விண்மீன் தொட்டில்களிலும் இப்படி நடக்கும் என்று சொல்ல இப்போது ஆதாரம் போதாது.

பனிக்குள் இருக்கும் ஆக்சிஜனை அகச்சிவப்பில் நேரடியாகப் பார்க்க முடியாதா?

தூய ஆக்சிஜன் அகச்சிவப்பை உட்கவராது. மற்ற மூலக்கூறுகள் சூழ்ந்திருந்தால் 6.45 மைக்ரானில் ஒரு பலவீனமான பட்டை எழும். அதன் மேல் தண்ணீர்ப் பனியின் அகன்ற 6 மைக்ரான் பட்டை கவிந்திருக்கும். மேல் வரம்புக்கு உதவும்.

மேகத்தில் ஆக்சிஜன் இருந்தால் உயிர் இருக்கிறது என்று பொருளா?

இல்லை. கோளின் வளிமண்டலத்தில் ஆக்சிஜன் நிலைத்திருப்பதுதான் உயிரோடு சேர்த்துப் பேசப்படுகிறது. மேகத்தில் அது சாதாரண வேதிவினையின் விளைவு.

இனி எந்தக் கருவியால் தொடரலாம்?

487, 774 கோடுகளைப் பார்க்கும் விண்வெளித் தொலைநோக்கி ஹெர்ஷலுக்குப் பிறகு இல்லை. இப்போதைக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, ஆல்மாவில் 234 கிகாஹெர்ட்ஸ் கலப்பு மூலக்கூறு. ஓரியனின் அந்த 5 ஆர்க்நொடி முடிச்சு உண்மையானால், ஒரு ஆர்க்நொடிக் கற்றையில் நீர்த்துப்போதல் இருக்காது, 280 மடங்கு இழப்பில் பெரும்பகுதி அங்கேயே ஈடாகிவிடும். ஆனால் கரிமக் கோடுகளின் நெரிசலை மாதிரி போட்டுக் கழித்தாக வேண்டும். இன்னொன்று, மார்க்கேரியன் 231 போன்ற வாயு நிறைந்த மண்டலங்களில் 119 கோடு. செம்பெயர்ச்சி 0.03க்கு மேல் இருந்தால் கோடு 115.3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே வந்துவிடும், 3 மில்லிமீட்டர் வாங்கிகள் வசதியாக எட்டும் பகுதி அது. நேரம் கேட்டு எழுதும்போது அதே மண்டலத்தின் கார்பன் மோனாக்சைடு வரைபடத்தையும் சேர்த்துக் கேளுங்கள். வாயு மண்டலத்தில் எங்கே, எந்த வேகத்தில் இருக்கிறது என்று தெரியாமல் எடுத்த 119 கோட்டைப் பிறகு எதோடும் ஒப்பிட முடியாது.